கடிதத்தில் எழுதும் சுருதி

ஆடித் தபசுத் திருநாள் வந்துவிட்டால் சங்கரன்கோவில் முழுவதும் நாகசுர ஓசை நிறைந்துவிடும். அவ்வூரில் இசை பயிலும் இளைஞர் ஒருவர், தமக்கென ஒரு புதிய நாகசுரம் வேண்டும் என்று விரும்புகிறார் என வைத்துக்கொள்வோம். பெயர்பெற்ற நாகசுரங்கள் தஞ்சை மாவட்டத்து நரசிங்கம்பேட்டையில் செய்யப்படுகின்றன. அவ்வூரோ 300 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. ஆதலின் இளைஞர் ஆசாரியாருக்குக் கடிதம் எழுத எண்ணுகிறார். அக்கடிதத்தில் அவர் எழுத வேண்டுவன யாவை என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

முதலில் மரத்தைப் பற்றி அறிவோம். நாகசுரத்தின் நீண்ட உடலுக்கு உலவு என்று பெயர். அதனை ஆச்சா மரத்தில் கடைகின்றனர். புதிதாக வெட்டிய மரம் ஈரம் வற்றும்போது சுருங்கும், வெடிக்கவும் கூடும். எனவே பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும், பல்லாண்டு உலர்ந்த உத்திரங்களையும் தூண்களையும் தேடி வாங்குவர். அத்தகைய மரம் இன்று எளிதில் கிடைப்பதில்லை. விரைவில் வேண்டும் என்று எழுதுவோர் இதனை நினைவில் கொள்ளுதல் நலம்.

அடுத்தது சுருதி. குழலினுள் அதிரும் காற்றின் நீளம் மிகுந்தால் ஒலி தாழும். குறைந்தால் ஒலி உயரும். அதனாலேயே குட்டையான திமிரி நாகசுரம் உயர்ந்த சுருதியிலும், நீண்ட பாரி நாகசுரம் தாழ்ந்த சுருதியிலும் ஒலிக்கின்றன. கடைந்து முடித்த குழலை நீட்ட இயலாது. வெட்டிக் குறைத்தாலோ துளைகளின் அளவுப் பொருத்தம் கெடும். ஆகவே வேண்டிய சுருதியை முன்னரே தெளிவாகக் குறிப்பிடல் வேண்டும்.

சுருதியைக் கட்டைக் கணக்கில் எழுதலாம். ஆர்மோனியத்தில் ஒன்று எனக் கொள்ளும் வெள்ளைக் கட்டைக்கு அடுத்த வெள்ளைக் கட்டை இரண்டு. அதனை அடுத்த கருப்புக் கட்டை இரண்டரை. இவ்விரண்டிற்கும் இடையே உள்ள வேறுபாடு ஒரு சுரத்தானமே. ஆயினும் நாகசுரம் பெரும்பாலும் இருவர் சேர்ந்து வாசிப்பதன்றோ? துணைவரின் குழல் இரண்டு கட்டையாகவும் இளைஞரின் குழல் இரண்டரையாகவும் இருந்தால் இருவரும் ஒரு மேடையில் அமர இயலாது. திருவிழாவும் திருமண மாதங்களும் வீணே கழியும்; அவருடைய பிழைப்பே தடைப்படும். ஆதலின் துணைவரின் சுருதியைச் சரிபார்த்து எழுதுவது இன்றியமையாதது.

இனி, கடிதத்தில் அடங்காத ஒன்றும் உண்டு. நாகசுரத்தில் துளைகள் 12. மேலுள்ள 7 விரல்களுக்கு உரியவை. கீழுள்ள 5 துளைகளை வேண்டிய அளவுக்கு மெழுகால் அடைத்துச் சுருதியைச் செம்மை செய்வர். வாயில் வைத்து ஊதும் சீவாளியை நரசிங்கம்பேட்டைக்கு அருகிலுள்ள திருவாவடுதுறையில் கொறுக்கையினால் செய்கின்றனர். ஒரே குழலாயினும் சீவாளியும், உதட்டின் பிடியும், மூச்சின் வலிமையும் மாறினால் ஒலி மாறும். மூச்சின் அளவை எவ்வாறு எழுதுவது?

இதற்கு நல்ல சான்று ஒன்று உண்டு. 1955-ஆம் ஆண்டில் நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியார், திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளைக்கென, சுத்த மத்தியமம் செம்மையாக ஒலிக்கும் பாரி நாகசுரத்தைச் செய்து தந்தார். வாசிப்பவரின் தேவையைச் செய்பவர் உணர்ந்தமையால் ஒரு கருவியின் வடிவமே வளர்ந்தது. அக்குழல் இசைஞர் பலருக்கும் உரியதாயிற்று. 2022-ஆம் ஆண்டில் நரசிங்கம்பேட்டை நாகசுரத்திற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

ஆகவே நம் இளைஞர் சுருதியையும், திமிரியா பாரியா என்பதையும், துணைவரின் குழல் நீளத்தையும் கடிதத்தில் எழுதட்டும். கைப்பேசியில் தம் வாசிப்பைப் பதிவு செய்தும் அனுப்பட்டும். ஆனால் குழல் முடியும் நாளில் ஒருமுறை நேரில் சென்று, ஆசாரியாரின் முன்னிலையில் ஊதிக் காட்டட்டும். கடிதத்தைப் படித்து மரத்தைக் கடையலாம். மூச்சைக் கேட்டபின்தான் அது நாகசுரமாகும்.