சிற்றாற்று ஓரத் தேக்கங்களில் மீன் குஞ்சுக் கணக்கெடுப்பு

குற்றாலத்தில் சாரல் ஓய்ந்து சிற்றாற்றில் வெள்ளம் வடிந்ததும், கரையோரப் பள்ளங்களில் முழங்காலளவு நீர் தங்குவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். புல்லும் கோரையும் சூழ்ந்த இத்தேக்கங்களே ஆற்று மீன்களின் நாற்றங்கால். புது வெள்ளத்தில் பொரித்த கெண்டைக் குஞ்சுகள் நீரின் இழுப்பைத் தாங்காமல் இங்கே ஒதுங்கி வளர்ந்து, பின்னர் ஆற்றுக்குத் திரும்புகின்றன.

இந்த நாற்றங்காலில் களையும் முளைக்கிறது. 1952ல் நம் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட திலேப்பியா, அதாவது ஜிலேபிக் கெண்டை, முட்டைகளை வாயில் வைத்தே பொரிக்கிறது. ஆபத்து வந்தால் குஞ்சுகளையும் வாய்க்குள் வாங்கிக்கொள்கிறது. பிறந்த சில மாதங்களிலேயே இனம் பெருக்கத் தொடங்கும் இம்மீன், நம் கெண்டைகளைப்போல் வெள்ளத்துக்காகக் காத்திருப்பதில்லை.

தூண்டிலில் ஒரு பெரிய ஜிலேபி சிக்கினால், அது ஏதோ ஒரு குளத்திலிருந்து தப்பி வந்ததாக இருக்கலாம். குஞ்சுகள் கூட்டமாகத் தென்பட்டால், அது ஆற்றிலேயே குடியேறிப் பெருகுகிறது என்று பொருள். ஆகவே குஞ்சுகளைத்தான் எண்ண வேண்டும்.

இதற்குப் பெரிய கருவிகள் தேவையில்லை. 2 மீட்டர் கொசுவலைத் துணியின் இரு ஓரங்களிலும் கம்பு கட்டிக்கொண்டால் போதும். காலை வேளையில் இருவர் பிடித்து, தேக்கத்தின் உட்புறமிருந்து கரையை நோக்கி 5 முறை இழுக்கவும். சிக்கியவற்றை நீருள்ள வெள்ளைத் தட்டில் விட்டு, இனவாரியாக எண்ணி, உடனே திரும்ப விட்டுவிடவும். மாதம் ஒரு முறை அதே இடத்தில், அதே 5 இழுப்பு. இழுப்பின் எண்ணிக்கையை மாற்றினால் ஒரு மாதத்தை மற்றொரு மாதத்தோடு ஒப்பிட இயலாது. அருவிக்கு மேலே காட்டு எல்லைக்குள் அனுமதியின்றி வலை போடக் கூடாது.

இனம் காண்பதுதான் சற்றுச் சிரமம். ஜிலேபிக் குஞ்சின் முதுகுத் துடுப்பு நீண்டு முட்களுடன் இருக்கும். அதன் பின்பகுதியில் கரும்புள்ளி தெரியும். கெண்டைக் குஞ்சின் முதுகுத் துடுப்பு குட்டையானது. பல வகைகளில் கரும்புள்ளி வாலடியில் இருக்கும். அயிரையை உங்கள் வீட்டுப் பெண்களே சொல்லிவிடுவார்கள்! நீர்மட்டத்தில் மிதக்கும் சிறு மீன்களில் அவசரம் கூடாது. தலையுச்சியில் வெள்ளிப் பொட்டு மின்னினால் அது கொசுப்புழுவைத் தின்னும் நம் நாட்டு மீன். பொட்டில்லாமல் தட்டைத் தலையும் வட்ட வாலும் இருந்தால், 1928ல் கொசு ஒழிப்புக்காக வந்த கம்பூசியாவாக இருக்கலாம்.

சிற்றாறு சீவலப்பேரியருகே தாமிரபரணியில் கலக்கிறது. உலகில் வேறெங்கும் இல்லாத கெண்டை வகை ஒன்று தாமிரபரணி நீரில் வாழ்கிறது. இங்கே நாம் தவறவிடும் மீன் அங்கேயும் போய்ச் சேரும். பண்ணைக் குட்டையில் ஜிலேபி வளர்ப்போர், குட்டை நிரம்பி வழியும் மடையில் நெருக்கமான கண்ணி வலையைக் கட்டாயம் கட்ட வேண்டும். மறுகால் பாயும் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அதை நாள்தோறும் சுத்தம் செய்யவும். ஆப்பிரிக்கக் கெளுத்தியை வளர்ப்பதே தடை செய்யப்பட்டது; மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள்.

கோடையில் வற்றும் தேக்கத்தில் பிளீச்சிங் பவுடரைக் கொட்டி மீன் பிடிப்பதும் உண்டு. ஒரு வேளைக் குழம்புக்காக ஓராண்டு நாற்றங்காலையே அழிக்கும் வேலை இது.

இனம் தெரியாத குஞ்சு கிடைத்தால் நீரோடு சீசாவில் எடுத்து, இடமும் தேதியும் எழுதி ஒட்டி, மீன்வளத் துறை அலுவலரிடமோ தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியிலோ காட்டிக் கேட்கலாம்.