ஒழுகும் கூரையும் உழைப்போர் பாத்தியதையும்

மலேசியாவின் கேமரன் மலையில் 1929-ஆம் ஆண்டு ஜே. ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிய காலந்தொட்டு, அம்மலைச் சரிவுகளைப் பசுமையாக்கிய உழைப்பில் தமிழர்களுக்குப் பெரும் பங்குண்டு. ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பொழியும் அவ்விடத்தில், அவர்களும் இன்று அவர்களோடு கொழுந்தெடுக்கும் அந்நிய நாட்டுத் தொழிலாளரும் தங்கும் லயத்து வீடுகளின் கூரை ஒழுகாதிருத்தல், ஒருவர் இரங்கி அளிக்கும் சலுகையன்று. சட்டம் அங்கீகரித்த உரிமை.

ஒழுக்கின் காரணத்தை முதலில் ஆராய்தல் அவசியம். கூரைத் தகரத்தை அதன் தாங்குசட்டத்தோடு பிணைக்கும் திருகாணியின் தலைக்கடியில் ஒரு ரப்பர் வாஷர் உண்டு. வெயிலில் விரிந்தும் இரவுக் குளிரில் சுருங்கியும் தகரம் ஓயாது அசைய, அந்த ரப்பர் நாளடைவில் இறுகி வெடித்து, ஆணித்துளை வழியே நீர் இறங்குகிறது. அடுப்படிக்கென்று பின்புறம் இறக்கிய சாய்ப்பு, வீட்டுச் சுவரைத் தொடும் இடம் அதனினும் பலவீனமானது. ஆயினும் சொட்டுவதெல்லாம் மழைநீரன்று. மழையற்ற விடியற்காலையிலும் தகரத்தின் அடிப்புறத்தில் துளிகள் அரும்பியிருக்குமானால், அது சமையலின் ஆவியும் மனிதர் மூச்சும் குளிர்ந்த தகரத்தில் பட்டு நீரானதே. அதற்குப் பரிகாரம் காற்றோட்டமும் உட்கூரையுமாகும்.

இந்தப் பேதத்தை அறியாதவரிடத்தில், வெயிலைத் திருப்பியனுப்பும் வெள்ளைப் பூச்சு சர்வரோக நிவாரணிபோல் விற்கப்படக்கூடும். ஈப்போ போன்ற சமவெளி ஊர்களில் அது வீட்டைக் குளிர்விப்பது மெய். பகலிலும் 25 பாகையைத் தாண்டுவது அரிதான மலையிலோ அதன் பயன் சொற்பம், தகரம் மேலும் குளிர்ந்து உட்புறத் துளிகள் அதிகரிக்கவும் கூடும். துருவை நீக்கி, வாஷரை மாற்றி, சந்திப்பில் தகர மடிப்பைச் செருகி, இழைத்துணி பதித்த நீர்த்தடைப் பசையை உலர்ந்த பரப்பில் தடவிய பின்னரே மேற்பூச்சைப் பற்றி யோசிக்க வேண்டும். ஈரத்தின்மேல் பூசியது விரைவிலேயே உரிந்துவிடும்.

பழைய கூரை அஸ்பெஸ்டாஸ் கலந்த சிமெண்டுத் தகடாயின் ஜாக்கிரதை பன்மடங்கு வேண்டும். அதைச் சுரண்டுவதும் துளையிடுவதும் அழுத்த நீரால் கழுவுவதும் கண்ணுக்குப் புலனாகாத இழைகளைக் காற்றில் கலந்துவிடும்; அவற்றைச் சுவாசித்தவருக்குப் பல பத்தாண்டுகள் கழிந்தும் நுரையீரல் புற்றுநோய் வரக்கூடும். முதிர்ந்த தகடு ஆளின் பாரம் தாங்காது உடைவதும் உண்டு. ஆதலால் பயிற்சியற்றவர் எவரும் அதன்மேல் ஏறலாகாது.

இனிச் சட்டத்தின் நிலையைக் காண்போம். 1966-ஆம் ஆண்டின் சட்டத்துக்குப் பதிலாக வந்த, 446-ஆம் எண் கொண்ட 1990-ஆம் ஆண்டின் தொழிலாளர் குறைந்தபட்ச வீட்டுவசதிச் சட்டம், தோட்ட வீடுகளைப் பழுதற்ற நிலையில் பராமரிப்பதை முதலாளியின் கடமையாக விதிக்கிறது. 2019-இல் திருத்தப்பெற்று, 2020 ஜூன் 1 முதல் பிற துறைகளின் தங்குமிடங்களையும் அது தழுவிற்று. அனுமதியின்றி வீட்டை நீட்டிக் கட்டுவதையும் அச்சட்டம் ஏற்பதில்லை என்பதால், சாய்ப்பு இறக்குமுன் நிர்வாகத்தின் சம்மதத்தை எழுத்தில் பெறுக.

ஒழுக்கு நேர்ந்தால், தேதி குறித்த புகைப்படங்களோடு நிர்வாகத்துக்கு எழுத்து மூலம் விண்ணப்பித்து, அதன் பிரதியில் பெற்றுக்கொண்டதற்கான கையொப்பம் வாங்கி வையுங்கள். பயன் விளையாவிடின் தொழிலாளர் இலாகாவிடம் முறையிடுங்கள். 1954-இல் உதயமான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் அங்கத்தினராயின் அதன் துணையையும் நாடுங்கள். சொந்த வீட்டுக்காரர், தாம் அமர்த்திய குத்தகைக்காரர் பூசிய பூச்சு பலிக்கவில்லையெனில், 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, மூன்று ஆண்டுகளுக்குள், 5 ரிங்கிட் கட்டணத்தில், 50,000 ரிங்கிட் வரையிலான இழப்புக்குப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் வழக்கறிஞரின்றியே வழக்காடலாம். ரசீதும், இன்ன வேலை செய்வதாக எழுதித் தந்த ஒப்பந்தமும் அங்கே சாட்சியாகும்.

முதலாளியின் கூரையைத் தன் சம்பளத்தில் பூச்சு வாங்கி மூடும் நிர்ப்பந்தம் எந்தத் தொழிலாளிக்கும் இல்லை. வாளி வைத்து நீரேந்தும் ஒவ்வொரு குடும்பமும் இன்றே அந்த விண்ணப்பத்தை எழுதுமாக. எழுதத் தெரியாத அண்டை வீட்டாருக்கும் எழுதிக் கொடுக்குமாக.