ஊரைக் களமாகக் கொண்ட ஆட்டங்கள்

ஆட்டம் என்றவுடன் பொழுதுபோக்கு என்னும் எண்ணமே பலர்க்கும் எழும். ஆயினும், வினைப்பயனை ஏணியாலும் பாம்பாலும் காட்டிய பரமபத சோபானம் நம் இல்லங்களில் கல்விக் கருவியாகவும் வழங்கியது. இக்காலத்துப் பாவனை ஆட்டங்களும் அவ்வழிப்பட்டனவே. ஒரு நிகழ்ச்சியின் இயல்பைச் சில விதிகளாகச் சுருக்கி, ஆடுவோர் தம் முடிவுகளின் பயனைத் தாமே காணுமாறு அமைப்பது பாவனை ஆட்டம். அவ்விதிகளை ஓர் ஊரின் மண், நீர், சாலை ஆகியவற்றினின்றே எடுப்பின் அது இடஞ்சார்ந்த ஆட்டமாகும்.

2016இல் உலகெங்கும் பரவிய போக்கிமான் கோ, கைபேசியின் இடமறியும் ஆற்றலைக் கொண்டு மக்களைத் தெருத்தெருவாக நடக்கச் செய்தது. எனினும் அதில் தெரு வெறும் மேடையே. ஊரின் இயல்பு ஆட்டத்தின் விதியாகவில்லை. நாம் கருதுவது இதுவன்று.

நமக்கு அண்மைச் சான்று ஆந்திரத்தில் உளது. பன்னாட்டு உணவுக் கொள்கை ஆராய்ச்சி நிறுவனத்தார், சிற்றூர்களில் பணிபுரியும் ஒரு தொண்டு நிறுவனத்துடன் கூடி, 2013 முதல் நிலத்தடி நீர் ஆட்டம் ஒன்றை உழவரிடையே நடத்தினர். ஐவர் ஒரு குழுவினர். ஒவ்வொரு சுற்றிலும், நீர் குறைவாக வேண்டும் பயிரையோ, நீரும் வருவாயும் மிகுந்த பயிரையோ ஒவ்வொருவரும் தேர்வர். நீரோ அனைவர்க்கும் பொது. மழையால் ஊறுவதினும் மிகுதியாக இறைத்தால் நீர்மட்டம் தாழும். முதலில் பேசாது ஆடினர். பின்னர்க் கலந்து பேசி ஆடினர். முடிவில் ஊரார் கூடி ஆராய்ந்தனர். ஆட்டம் நிகழ்ந்த ஊர்களில் நீர்க்கணக்கு எழுதுதலும் நீர் பற்றிய விதி வகுத்தலும் பிற ஊர்களினும் மிகுதியாகக் காணப்பட்டன. அப்பயன் ஆட்டத்தால் மட்டும் விளைந்ததன்று. பின் நிகழ்ந்த கலந்துரையாடலுக்கும் அதில் பங்குண்டு என்பது எம் கருத்து.

இம்முறை திருப்பெரும்புதூர் – ஒரகடம் தொழில் வட்டாரத்துத் தண்டலத்திற்கு நன்கு பொருந்தும். தண்டலை என்பது சோலையைக் குறிக்கும் பழஞ்சொல்; ஊர்ப்பெயர் அதனின்று வந்தது எனக் கருத இடமுண்டு. இன்று இவ்வட்டாரம் தொழிற்சாலைகளால் அறியப்படுவது. ஆயின் ஏரிகள் ஒன்றன் மிகைநீரை மற்றொன்று ஏற்குமாறு அமைந்த நிலம் இது. கிழக்கே 24 அடி ஆழமும் 3,645 மில்லியன் கன அடிக் கொள்ளளவும் உடைய செம்பரம்பாக்கம் ஏரி உளது. 2015 டிசம்பர் முதல் நாளன்று அங்கிருந்து நொடிக்கு 29,000 கன அடி நீர் திறக்கப்பட்டதும், அடையாற்றங்கரையில் நேர்ந்த அழிவும் யாவரும் அறிந்தவை. மேலூரில் ஒரு கால்வாய் தூர்ந்தால் கீழூரில் எத்துணை நீர் தேங்கும் என்பதைச் சொல்லி விளக்குவதினும் ஆடிக்காட்டுதல் எளிது. விதிகளை அலுவலக வரைபடத்தினின்று மட்டும் எடுத்தல் தகாது. மதகும் கலங்கலும் அறிந்த முதியோரையும் வினவ வேண்டும். விதி பிழைத்தால் ஆட்டம் பிழையையே கற்பிக்கும்.

இங்கு இன்னுமொரு சிக்கல் உண்டு. 1994ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி, வாக்காளர் பட்டியலில் இடம்பெற்றோரே கிராம சபை உறுப்பினராவர். பிறமாநிலத்தினின்று வந்து வாடகை அறைகளில் தங்கும் தொழிலாளர் பலர்க்கு அங்குக் குரல் இல்லை. நிலத்தடி நீரோ அவர்க்கும் பொது. ஆட்டக் களத்தில் அவர்க்கு இருக்கை தருவதைத் தடுக்கும் சட்டம் ஏதுமில்லை.