பொறி: ஒரு சொல்லின் பொருள்நிலைகள்

'பொறியியல்', 'பொறியாளர்' என்னும் சொற்கள் இன்று கல்வியுலகில் நிலைபெற்றுவிட்டன. இப்பழக்கத்தால், பழைய நூல்களில் 'பொறி' எனக் காணுமிடமெல்லாம் எந்திரம் என்றே பொருள்கொள்வாரும் உளர். அது பொருந்துமா என்பதை ஈண்டு ஆராய்வாம்.

முதற்கண் போர்த்துறை வழக்கினை நோக்குவாம். சிலப்பதிகார அடைக்கலக்காதை மதுரையின் அரண்களை அடுக்கிக் கூறுமிடத்துக் காவற்காட்டையும் அகழியையும் அடுத்து வளைவிற்பொறியை வைக்கின்றது. எய்வோன் வேண்டாது தானே வளைந்து அம்பு செலுத்தும் எந்திர வில் அது என்பது அடியார்க்குநல்லார் கொள்கை. ஈண்டுப் பொறி என்பது கருவி முழுமையையும் குறித்தது.

சீவகசிந்தாமணியிலோ நிலை சிறிது வேறு. கட்டியங்காரன் படை சூழ்ந்த காலத்துச் சச்சந்தன் கருவுற்ற விசயையை எந்திர மயிலில் ஏற்றிப் போக்குகின்றான். பொறியை வலமாகத் திரிப்பின் மயில் மேலெழும். இடமாகத் திரிப்பின் கீழிறங்கும். ஈண்டுப் பொறி என்பது மயில் அன்று. மயிலை இயக்கும் உறுப்பே ஆகும். எனவே, எந்திரம் பற்றிய வழக்கினுள்ளும் முழுமைக்கும் உறுப்பிற்கும் இச்சொல் உரித்தாதல் காண்க.

இனி, ஏனைய பொருள்களைக் காண்பாம். புலியின் மேலுள்ள புள்ளியும் பொறி. தீயினின்று தெறிப்பதும் பொறி. சேரரின் வில், சோழரின் புலி, பாண்டியரின் கயல் ஆகிய அரச இலச்சினைகளும் பொறிகளே. கல்லில் எழுத்து வெட்டுதலைப் 'பொறித்தல்' என்கிறோம். திருக்குறளின் 6ஆம் குறளில் இச்சொல் ஐம்பொறியைக் குறிக்கின்றது.

618ஆம் குறளிற்றான் பொருள் தேர்தல் அரிதாகின்றது. ஆண்டுப் பொறி என்பதனை உடலுறுப்பு எனக் கொள்ளின், உறுப்புக்குறை ஒருவர்க்குப் பழியாகாது என்பது கருத்தாம். பரிமேலழகர் விதி எனக் கொண்டார். அடுத்த குறள் தெய்வத்தையும், அதனை அடுத்தது ஊழையும் முயற்சியோடு சேர்த்துப் பேசுதலின், அதிகார இயைபு பரிமேலழகர்க்கே துணைநிற்கின்றது. முன்னைய உரையின் அறம் உயர்ந்ததே. எனினும், உயர்ந்த கருத்து என்னும் ஒன்றே பொருள்கோளுக்குச் சான்றாகிவிடாது.

ஆங்கில 'எஞ்சின்' என்னும் சொல்லின் வரலாறும் ஈண்டு ஒப்புநோக்கத்தக்கது. அறிவுத்திறன் எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லின் வழிவந்த அது, இடைக்காலத்தில் முற்றுகைக் கருவிகளைக் குறித்தது. அக்கருவிகளை இயற்றியோனே அந்நாளில் 'எஞ்சினியர்' எனப்பட்டான். படைத்துறைப் பணியினின்று வேறுபடுத்தவே 18ஆம் நூற்றாண்டில் 'சிவில் எஞ்சினியர்' என்னும் பெயர் வழக்கூன்றியது. மதில்மேல் நின்ற பொறி இன்று பாலமும் அணையும் கட்டுவோர் கல்விக்குப் பெயராகியதும் இத்தகையதே.

ஆகவே, 'பொறியியல்' வேரற்ற புத்தாக்கம் அன்று. நெடுவழக்கின் ஒரு கிளை. அக்கிளையையே மரமாகக் கருதிப் பழம்பாடல்களுக்கு உரைகாணல் பிழையாம். இடமும் இயைபும் நோக்கிப் பொருள் துணிதலே ஆய்வாளர் கடன்.