வீட்டுக்காரர் சம்மதிச்சாரா?

தேர்தல் காலம் வந்தால் நாவுலப் பகுதித் தோட்டங்களில் பேச்சு எப்படிப் போகும் என்று வாசகர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பெரட்டுக் களம், லயத்து வாசல், கோயில் திண்ணை, கடை வாங்கு எங்கும் அதே கதைதான். எந்தக் கட்சி நல்லது என்று சொல்வது இந்தப் பத்திரிகையின் வேலை அல்ல. ஒருவர் வேட்பாளராக நிற்கும்போது அவருடைய குடும்பத்தை வைத்து அவரை எப்படி எடைபோடுகிறோம், ஆணுக்கு ஒரு தராசும் பெண்ணுக்கு வேறொரு தராசும் ஏன் வைத்திருக்கிறோம் என்பதைத்தான் இம்முறை எழுத நினைத்தோம்.

முதலில் நம்முடைய கதையையே சொல்லிவிடுகிறோம். 2017ஆம் ஆண்டு உள்ளூராட்சித் தேர்தல் சட்டத்தைத் திருத்தி, சபைகளில் 25 வீதம் பெண்கள் இருக்க வேண்டும் என்று ஆக்கினார்கள். அதற்கு முன்னர் நாடு முழுவதும் உள்ளூராட்சி சபைகளில் நூறு பேர் இருந்தால் பெண்கள் இரண்டு பேர் அளவில்தான். புதிய சட்டப்படி முதல் தேர்தல் 2018 பெப்ரவரி 10ஆம் திகதி நடந்தது. அதற்கு முன்பே கட்சிக்காரர்கள் பெண்களின் பெயரைத் தேடித் தோட்டங்களுக்கும் வந்தார்கள்.

நமக்குத் தெரிந்த ஒரு தோட்டத்தில் மாதர் சங்கத் தலைவியாக இருந்த ஓர் அம்மாவைக் கேட்டிருந்தார்கள். குடிதண்ணீர்க் குழாய் விஷயமாகப் பிரதேச சபைக்கு மூன்று வருஷமாகக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தவர் அவர்தான். கடிதத்தின் பிரதி எல்லாம் திகதி வாரியாக ஒரு பைலில் வைத்திருந்தார். படிவம் நிரப்ப உதவி கேட்டு நம்மிடம் வந்தார். நாம் கேட்ட முதல் கேள்வி, "வீட்டுக்காரர் சம்மதிச்சாரா?" இரண்டாவது கேள்வி, "கூட்டம் கீட்டம்னு போனா புள்ளைங்கள யாரு பாத்துக்குவாங்க?"

அதே வாரம் இன்னொரு தோட்டத்து இளைஞர் ஒருவரும் அதே தேர்தல் விஷயமாக வந்தார். இரண்டு பிள்ளைகளின் தகப்பன். அவருக்குத் தேத்தண்ணி கொடுத்து, வட்டாரத்தில் எத்தனை வாக்கு இருக்கிறது என்று விசாரித்து அனுப்பினோம். மனைவி சம்மதித்தாரா என்றோ, பிள்ளைகளை யார் பார்ப்பது என்றோ கேட்கவில்லை. அன்று அந்த வித்தியாசம் நமக்குப் படவே இல்லை.

அந்த அம்மாவின் கணவர் குடிப்பார். லயத்தில் சொன்னார்கள்: "புருஷனைத் திருத்த முடியாதவ சபையைத் திருத்தப் போறாளா?" நின்ற ஆண்களில் ஒருவர் தாமே குடித்துவிட்டு ரோட்டில் கிடப்பவர், அவரைப் பற்றி, "ஆம்பிளைன்னா அப்பிடித்தான், ஆனா காரியக்காரன்" என்று பேச்சு. இதைச் சொன்னவர்களில் பாதிப்பேர் பெண்கள் என்பதையும் மறைக்காமல் எழுதுகிறோம். பிறகு ஒருநாள் மாத்தளையில் கூட்டம் முடிய நேரமாகி, பஸ் தவறி, இரவு எட்டரைக்குக் கட்சி ஆள் ஒருவரின் முச்சக்கர வண்டியில் அவர் வந்து இறங்கினார். மறுநாள் பெரட்டில் பேச்சு வேறு மாதிரிப் போனது. வேட்புமனு கொடுக்க முன்னரே, "வேணாங்க ஐயா" என்று விலகிக்கொண்டார். அந்த இடத்துக்கு யாரோ ஒரு பிரமுகரின் மனைவியின் பெயர் போனது. அந்த மனைவியைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை, ஏனென்றால் அவருக்குப் பின்னால் புருஷன் இருந்தார்.

இது லயத்துக்கு மட்டும் சொந்தமான பழக்கம் அல்ல, நாட்டின் மேல்மட்டத்திலும் இதேதான். 1931ஆம் ஆண்டு எல்லோருக்கும் வாக்குரிமை வந்தது. அரசாங்க சபைக்கு முதல் போன பெண் அடலின் மொலமுரே; தகப்பனார் இறந்து காலியான ருவான்வெல்லை ஆசனத்துக்கு அதே வருஷம் வந்தார். அடுத்தவர் நேசம் சரவணமுத்து அம்மையார், 1932இல் வட கொழும்பு. அது அவர் கணவர் இழந்த ஆசனம். இருவருமே கெட்டிக்காரப் பெண்கள், அதில் சந்தேகமில்லை. நேசம் அம்மையார் 1936இலும் வென்றார். ஆனாலும் கதவு திறந்தது தகப்பனின் பெயரும் கணவரின் பெயரும்தான்.

சிறிமாவோ பண்டாரநாயக்கவின் கதை பெரியவர்களுக்கு நினைவிருக்கும். கணவர் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க 1959 செப்டெம்பரில் சுடப்பட்டு இறந்தார். 1960 ஜூலை 21ஆம் திகதி அம்மையார் பிரதமரானார், உலகத்திலேயே முதல் பெண் பிரதமர். தேர்தல் கூட்டங்களில் கணவரின் குரலை ஒலிப்பதிவில் போட்டுக் கேட்கவைத்தார்கள். எதிர்த்தரப்பினர் 'அழுகிற விதவை' என்று கேலி செய்தார்கள், சமையலறைக்குள் இருந்தவருக்கு என்ன தெரியும் என்றார்கள். கேலி செய்தவர்களும் சரி, கண்ணீருக்காக வாக்களித்தவர்களும் சரி, பார்த்தது அவர் விதவை என்பதைத்தான். அவர் ஆட்சியில் என்ன செய்வார் என்பது பின்னுக்குப் போய்விட்டது. நம்மவர்களில் பெரும்பாலானோருக்கு 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்துக்குப் பின் வாக்கே இல்லை, ஆனால் பலனை அனுபவித்தது நாம். 1964 ஒக்டோபர் 30இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேருக்கு இங்கே குடியுரிமை, மிச்சம் 150,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று எழுதினார்கள். எத்தனை குடும்பங்கள் தலைமன்னாரில் கப்பல் ஏறும்போது பிரிந்தன என்று நம் வீட்டுக் கிழவிகளைக் கேட்டால் தெரியும்.

1994 நவெம்பர் 9 ஜனாதிபதித் தேர்தலில் முக்கியமான இரண்டு வேட்பாளர்களும் கணவரைக் கொலையில் இழந்த பெண்கள். சந்திரிகாவின் கணவர் விஜய குமாரதுங்க 1988 பெப்ரவரியில் சுடப்பட்டார். காமினி திசாநாயக்க 1994 ஒக்டோபர் 24இல் குண்டுவெடிப்பில் இறக்க, அவருடைய மனைவி சிறிமா திசாநாயக்க அவசரமாக நிறுத்தப்பட்டார். சந்திரிகா 62 வீதத்துக்கு மேல் எடுத்தார். சிறிமா திசாநாயக்கவுக்கு ஏறக்குறைய 36 வீதம். அந்தத் துக்கம் மட்டும் போதுமென்றால் இவ்வளவு தூரம் வித்தியாசம் வந்திருக்காது.

எம்.ஜி.ஆர். நாவலப்பிட்டியில் பிறந்தவர், ஆகவே அவர் கதையைச் சொல்ல நமக்கு உரிமை உண்டு. அவருக்குப் பிள்ளைகள் இல்லை. அதனால் அவருக்கு ஒரு வாக்குக்கூடக் குறைந்ததாகத் தெரியவில்லை. காமராஜர் கல்யாணமே செய்யாதவர், 1954 முதல் 1963 வரை முதலமைச்சர். "நாட்டுக்காகக் குடும்பத்தைத் துறந்தார்" என்று இன்றைக்கும் புகழ்கிறோம். ஜெயலலிதாவும் கல்யாணம் செய்யாதவர்தான். அவரைப் பற்றி மேடைகளில் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. 1987 டிசெம்பரில் எம்.ஜி.ஆர். இறந்ததும் மனைவி ஜானகி அம்மையார் 24 நாள் முதலமைச்சராக இருந்தார். 1989 தேர்தலில் ஜெயலலிதா அணிக்கு 27 ஆசனம், ஜானகி அணிக்கு 2தான். பிறகு 1991இல் ஜெயலலிதா முதலமைச்சரானார். கல்யாணம் ஆகாத அந்தப் பெண்ணை ஊர் ஏற்றுக்கொண்டதும் 'அம்மா' என்ற பெயரில்தான். மகள், மனைவி, விதவை, அம்மா என்று ஏதாவது ஓர் உறவைக் கொடுக்காமல் ஒரு பெண்ணைத் தலைவராகப் பார்க்க நமக்கு வரவில்லை.

இப்போது கொஞ்சம் மாறுகிறது. 2024 செப்டெம்பரில் பிரதமரான ஹரிணி அமரசூரிய, அரசியல் குடும்பத்து மகளும் அல்ல, மனைவியும் அல்ல. அதே வருஷம் நவெம்பரில் பதுளையிலிருந்து அம்பிகா சாமுவேல், நுவரெலியாவிலிருந்து கிருஷ்ணன் கலைச்செல்வி என்று மலையகத் தமிழ்ப் பெண்கள் இருவர் முதல்முதலாகப் பாராளுமன்றம் போனார்கள். ஆனால் அந்த வருஷம் ஜனாதிபதித் தேர்தலில் நின்ற அத்தனை பேரில் ஒரு பெண்கூட இல்லை. 225 ஆசனங்களில் பெண்கள் இருபத்திச் சொச்சம், அதுவே இதுவரை இல்லாத அளவு.

வேட்பாளரின் வீட்டைப் பார்க்கவே கூடாது என்று நாம் சொல்லவில்லை. மனைவியை அடிக்கிறவன், சீட்டுக் காசை ஏமாற்றியவன் என்றால் அது கேட்க வேண்டிய விஷயம்தான். அடிக்கிறவனைத்தான் நாம் கேட்பதில்லை, அடி வாங்கினவளைக் கேட்கிறோம். பிள்ளைகளை யார் பார்ப்பது என்பதும் நியாயமான கேள்வி, தகப்பனிடமும் கேட்டால். கூட்டத்தை இரவு ஏழு மணிக்கு மாத்தளையில் வைத்துவிட்டு, விடியற்காலை நாலரைக்கு எழும்பி சமைத்து வைத்துவிட்டு வேலைக்குப் போகிற பெண் வரவில்லை என்றால், "பொம்பளைங்களுக்கு அக்கறை இல்லை" என்கிறோம். ஞாயிற்றுக்கிழமை காலை தோட்டத்துப் பிள்ளைப் பராமரிப்பு நிலையத்தில் அதே கூட்டத்தை வைத்துப் பார்த்திருக்கிறோம். உட்கார இடம் போதவில்லை.

2025 மே 6 பிரதேச சபைத் தேர்தலுக்கு முன் அந்த அம்மாவை நாமே தேடிப் போனோம். இம்முறை எந்தக் கேள்வியும் கேட்காமல், படிவம் நிரப்பித் தருகிறோம், வந்து போக ஒழுங்கும் செய்கிறோம் என்று சொன்னோம். பைலை எடுத்துக் காட்டினார். கடிதங்கள் இன்னும் கூடியிருந்தன, குழாய் வரவில்லை. "மகளுக்கு மாப்பிள்ளை பாத்துக்கிட்டு இருக்கோம் ஐயா," என்றார். "இந்த நேரத்துல என் பேரு அடிபட வேணாம்."