கடித்த நேரத்தை எழுதிக்கொள்ளுங்கள்

கார்த்திகையில் எங்கள் ஏரி கலங்கல் வழிந்தால் ஊரே போய் வேடிக்கை பார்க்கும். கொல்லை வேலி வரைக்கும் தண்ணீர் வந்து நிற்கும். விடிகாலைப் பனிமூட்டத்தில் நத்தைகுத்தி நாரைகள் வரிசையாக நின்று இரை பொறுக்கும். வேடந்தாங்கல் இங்கிருந்து அதிக தூரமில்லை. பட்டணத்துச் சொந்தக்காரர்கள் வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போகிறார்கள். கரையில் வளை தோண்டியிருந்த எலியெல்லாம் தண்ணீர் ஏறியதும் வீட்டுப் பக்கம் வந்துவிட்டது அவர்களுக்குத் தெரியாது. தவளையும் வந்தாயிற்று. இவற்றைத் தின்பது பின்னாலேயே வரும்.

எங்கள் தெருவில் ஒரு அம்மாள், அடைமழைக் காலத்தில் தரையில் பாய் விரித்துப் படுத்திருந்தவர், விடியற்காலை மூன்று மணிக்கு வயிற்றுவலி என்று எழுந்தார். இஞ்சிச் சாறு கொடுத்தார்கள். ஐந்து மணிக்குக் கண் இமை பாதிதான் திறந்தது. தூக்கக் கலக்கம் என்றார்கள். எச்சில் விழுங்க முடியாமல் போனபிறகு பக்கத்து ஊரில் மந்திரிக்கிறவரிடம் கூட்டிப்போனார்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது மணி ஒன்பது. காப்பாற்ற முடியவில்லை. மறுநாள் பாயைச் சுருட்டும்போதுதான் சுவரோரம் கிடந்த கட்டுவிரியனைப் பார்த்தார்கள்.

கட்டுவிரியன் கடி பெரும்பாலும் வலிக்காது. வீக்கம் இருக்காது. பல் பட்ட இடம்கூடத் தெரியாமல் போகலாம். ஆகவே திரும்பச் சொல்கிறேன்: மழைக்காலத்தில், தரையில் படுத்தவர், நடுராத்திரியில் காரணமில்லாமல் வயிற்றுவலி என்றோ, இமை சொக்குகிறது என்றோ சொன்னால், பாம்புக்கடி இல்லை என்று டாக்டர் சொல்லும்வரை அது பாம்புக்கடிதான். இஞ்சிச் சாறு வேண்டாம். கட்டிலில் படுங்கள், கட்டில் இல்லையென்றால் கொசுவலையின் ஓரத்தைப் பாய்க்கடியில் செருகிவிட்டுப் படுங்கள்.

கண்ணாடி விரியன் வேறு மாதிரி. குக்கர் போலச் சீறும், கடித்த இடம் உடனே வீங்கும், ரத்தம் உறையாமல் போகும். வைக்கோல் போர், விறகு அடுக்கு, வரப்பு, இவைதான் அதன் இடம். தை அறுவடையில் கையை எங்கே வைக்கிறோம் என்று பார்க்காமல் கதிரைப் பிடிக்கிறவர்களுக்குத்தான் பெரும்பாலும் கடி.

கடித்துவிட்டால் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். செய்யக்கூடாததுதான் நம் ஊரில் நிறைய நடக்கிறது. கயிறு கட்டாதீர்கள். கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், பச்சிலை அரைத்துப் பூசாதீர்கள். மெட்டி, கொலுசு, மோதிரத்தை வீங்குவதற்கு முன் கழற்றுங்கள். கடிபட்ட கையையோ காலையோ ஒரு குச்சி வைத்து அசையாமல் கட்டுங்கள். முறிந்த எலும்புக்குக் கட்டுவது போல, ரத்தம் ஓடும்படி. நடக்க விடாதீர்கள். 108-க்குப் போன் போடுங்கள். கரைப்பாதை சேறாகி வண்டி வராது என்றால், பைக்கில் இரண்டு பேருக்கு நடுவில் உட்காரவைத்து மெயின் ரோடு வரை கொண்டுபோங்கள். கயிறு கட்டாதீர்கள் என்று மறுபடியும் சொல்கிறேன், ஏனென்றால் இதைப் படித்துவிட்டும் யாராவது ஒருவர் துண்டை முறுக்குவார்.

பாம்பை அடித்துப் பையில் போட்டு எடுத்துப் போவது இன்னொரு பழக்கம். செத்த பாம்பின் தலையும் கடிக்கும். ஆஸ்பத்திரிக்கு அது தேவையுமில்லை. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே விஷமுறிவு மருந்துதான். ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் ஆடாமல் வைத்துப் பார்ப்பார்கள். உறையவில்லை என்றால் கண்ணாடி விரியன் அல்லது சுருட்டை விரியன் விஷம் ஏறியிருக்கிறது. இதற்குப் பெரிய இயந்திரம் எதுவும் வேண்டாம். டி.டி. ஊசி போட்டு, “தண்ணிப் பாம்பா இருக்கும், வீட்டுக்குப் போங்க” என்று சொல்கிற கிளினிக்கை நம்பித் திரும்பிவிடாதீர்கள். குறைந்தது ஒரு நாள் ஆஸ்பத்திரிக் கண்காணிப்பில் இருக்க வேண்டும். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் விஷமுறிவு மருந்து இருக்கிறதா என்று ஐப்பசி பிறக்கும் முன்பே போய்க் கேளுங்கள். இல்லை என்றால் 104-இல் புகார் சொல்லுங்கள்.

வீட்டுக்குள் வந்த பாம்பை அடிக்க வேண்டியதில்லை. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் அது குற்றமும்கூட. தள்ளி நின்று, அது எங்கே போகிறது என்று கண் வைத்துக்கொண்டு, தீயணைப்புத் துறையின் 101-க்குச் சொன்னால் வந்து பிடிப்பார்கள். இதே மாவட்டத்தில், 1978-இல் தொடங்கிய வடநெம்மேலி இருளர் கூட்டுறவுச் சங்கத்தார் பாம்பைப் பிடித்து, விஷம் எடுத்து, உயிரோடு திரும்ப விட்டு வருகிறார்கள். நம் உயிரைக் காக்கிற மருந்து அந்த விஷத்திலிருந்துதான் வருகிறது. நாம் கடப்பாரையைத் தேடுகிறோம்.

இனி காகிதம். இதில்தான் எனக்குப் பொறுமை போகிறது.

அந்த அம்மாளின் வங்கிக் கணக்கில் வருஷா வருஷம் மே கடைசியில் 20 ரூபாய் பிடித்திருக்கிறார்கள். பாஸ்புக்கில் இருந்தது. பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனா: 18 முதல் 70 வயது வரை, விபத்து மரணத்துக்கு 2 லட்சம் ரூபாய். பாம்புக்கடியும் விபத்துதான். ஆனால் அந்தத் திட்டத்தில் ஒரு நிபந்தனை உண்டு. பாம்புக்கடி, மரத்திலிருந்து விழுவது போன்றவற்றுக்குக் காரணத்தை உடனடி ஆஸ்பத்திரிப் பதிவு காட்ட வேண்டும். ஆஸ்பத்திரிச் சீட்டில் எழுதியிருந்ததோ, “வயிற்றுவலி, மயக்கம்”. கூட்டிப் போனவர்கள் சொன்னதும் அதுதான். போஸ்ட்மார்ட்டம் வேண்டாம் என்று அழுது மன்றாடி உடலை வாங்கி வந்தார்கள். வங்கியில் கையை விரித்துவிட்டார்கள்.

ஆகவே, கடித்த நேரத்தை எழுதிக்கொள்ளுங்கள்; போன் இருந்தால் அதிலேயே. உள்ளே போனதும் “பாம்பு கடித்தது”, அல்லது “பாம்பு கடித்ததாகச் சந்தேகம்” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். விபத்துப் பதிவேட்டில் அது ஏற வேண்டும். அதன் நகலைத்தான் ஏ.ஆர். காப்பி என்கிறார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால், எத்தனை மணிக்கு எத்தனை குப்பி மருந்து ஏற்றினார்கள் என்று ரெஃபரல் சீட்டில் எழுதி வாங்குங்கள். அடுத்த டாக்டருக்கும் அது தேவை. 2024 நவம்பரில் தமிழக அரசு பாம்புக்கடியை அறிவிக்கை செய்யப்பட வேண்டிய நோயாக ஆக்கிவிட்டது. தனியார் ஆஸ்பத்திரியும் அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். “இதெல்லாம் நாங்க எழுத மாட்டோம்” என்று கவுண்டரில் சொன்னால், இதைச் சொல்லுங்கள்.

உயிர் போய்விட்டால் போலீசுக்குத் தகவல் போகும், போஸ்ட்மார்ட்டம் நடக்கும். தடுக்காதீர்கள். துக்கத்தில் இருக்கிறவர்களிடம் இதைச் சொல்வது கல்நெஞ்சமாகத் தெரியும். தெரிந்தாலும் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித்தான் ஆக வேண்டும். எஃப்.ஐ.ஆர்., போஸ்ட்மார்ட்டம் அறிக்கை, இறப்புச் சான்றிதழ் மூன்றையும் சேர்த்து, கணக்கு உள்ள வங்கிக் கிளையில் 30 நாளுக்குள் கிளெய்ம் படிவம் கொடுத்துவிடுங்கள். ஏதாவது ஒரு காகிதம் தாமதமானாலும் படிவத்தைக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் முத்திரையும் வாங்குங்கள்.

சிறு விவசாயி, விவசாயக் கூலி என்றால் இன்னொரு வழியும் உண்டு: முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்டம். உறுப்பினர் அட்டை வீட்டில் எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். மனு போக வேண்டிய இடம் தாலுகா அலுவலகத்தில் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர். பொது தாசில்தார் அறை வாசலில் மூன்று நாள் நின்று திரும்பியவர்களை எனக்குத் தெரியும். வி.ஏ.ஓ. முதலில் விசாரிப்பார், அவரிடமும் ஒரு நகல் இருக்கட்டும். வாரிசுச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் அன்றைக்கே போட்டுவிடுங்கள், அதுதான் நாளை இழுக்கும்.

ஏ.ஆர். காப்பி தரவில்லையா? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் அந்த அரசு ஆஸ்பத்திரியின் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு மனு. 10 ரூபாய்க்குக் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, நோயாளி பெயர், சேர்த்த தேதி, மணி எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் மேல்முறையீடு, கூடவே திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் மனு. அந்த அம்மாளின் மகனுக்கு இப்படித்தான் பதில் வந்தது. காப்பியில் மணி சரியாக இருந்தது, பெயரும் சரியாக இருந்தது. பாம்பு என்ற சொல் மட்டும் இல்லை.