ஆறு புட்டிகளும் ஒரு பையும்

ஆறு கண்ணாடிப் புட்டிகளைக் கடையிலிருந்து வீடுவரை உடையாமல் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். கேள்வி இவ்வளவுதான். "இது ஒரு பிரமாதமா?" என்று கேட்கத் தோன்றும். ஆனால் இத்தாலியிலும் பிரான்ஸிலும் அமெரிக்காவிலும் இந்தச் சின்னக் கேள்விக்கு விடை காணப் பலர் மூளையைக் கசக்கியிருக்கிறார்கள். பையின் அடிப்பாகத்துக்காக ஒரு பெண்மணி வழக்கே தொடுத்திருக்கிறார்.

மதுவிலக்கில் பற்றுள்ள நேயர்கள் முகம் சுளிக்க வேண்டாம். இங்கே பேச்சு ஒயினைப் பற்றியதல்ல. ஒயின் புட்டியைச் சுமக்கும் பையைப் பற்றியது. தேனானாலும் சரி, நல்லெண்ணெயானாலும் சரி, பன்னீரானாலும் சரி, கண்ணாடிக்குள் அடைபட்டுவிட்டால் எல்லாவற்றுக்கும் ஒரே சங்கடம்தான்.

முதலில் எடையைப் பார்ப்போம். சாதாரண ஒயின் புட்டியில் 750 மில்லிலிட்டர் பிடிக்கும். கண்ணாடியின் கனம் ஏறத்தாழ அரைக் கிலோ. இரண்டும் சேர்ந்து ஒன்றேகால் கிலோ என்று வைத்துக்கொண்டால் ஆறு புட்டிகள் ஏழரைக் கிலோ ஆகின்றன. ஷாம்பேன் புட்டியோ இன்னும் முரடு. உள்ளே 5 முதல் 6 வாயு மண்டல அழுத்தம், அதாவது மோட்டார் கார் டயரிலுள்ள காற்றைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல், அடைபட்டுக் கிடப்பதால் அதற்குத் தடித்த கண்ணாடி வேண்டியிருக்கிறது. 2010-ல் எடையைக் குறைத்த பிறகும் காலிப் புட்டியே 835 கிராம். ஆறு ஷாம்பேன் புட்டிகளைத் தூக்குகிறவர் ஒன்பதரைக் கிலோவைத் தூக்குகிறார். இவ்வளவு கனம் ஒரு கையில் தொங்க, மாடிப்படி ஏறும்போது கைப்பிடி அறுந்தால் போவது பணம் மட்டுமல்ல. காலில் ஏறும் கண்ணாடிச் சில்லுக்கு வைத்தியமும் பார்க்க வேண்டும்.

கூரடிச் சாடிகள்

கண்ணாடிப் புட்டி வருவதற்கு வெகுகாலம் முன்பே இந்தத் தொல்லை இருந்தது. கிரேக்கரும் ரோமரும் ஒயினை 'ஆம்போரா' என்னும் மண் சாடிகளில் அடைத்துக் கப்பலேற்றினார்கள். இரண்டு காதுகள், நீண்ட கழுத்து, கீழே கூரான அடி. தரையில் நிற்காத பாத்திரத்தை எந்தக் குயவன் விரும்பிச் செய்வான் என்று வியக்கலாம். அந்தக் கூரடியில்தான் சூட்சுமம். கப்பலின் அடித்தளத்தில் ஒரு வரிசைச் சாடிகளை நெருக்கி நிறுத்துவார்கள். அவற்றின் கழுத்துகளுக்கு இடையே உள்ள பள்ளங்களில் மேல் வரிசைச் சாடிகளின் கூரடிகள் போய் உட்காரும். ஒன்றை ஒன்று அசையவிடாமல் பிடித்துக்கொள்ளும்.

இடையில் மெத்தையாக வைத்தது வைக்கோலும் முட்செடியும். துருக்கிக் கரையோரம் 1982-ல் கடற்பஞ்சு எடுக்க மூழ்கிய ஒருவர் கண்ணில் பட்ட உலுபுருன் கப்பல் சுமார் 3300 ஆண்டுகளுக்கு முன் மூழ்கியது. சரக்குக்கு அடியில் பரப்பியிருந்த முட்புதர்ச் சுள்ளிகள் அதில் இன்னும் மிச்சம் இருந்தன.

நமக்கும் இதில் ஒரு சொந்தம் உண்டு. புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டில் 1945-ல் மார்டிமர் வீலர் தோண்டியபோது இந்த ஆம்போராச் சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. யவனர் கொண்டுவந்த தேறலைப் புறநானூறும் பேசுகிறது. மத்தியதரைக் கடற்கரையிலிருந்து சோழ மண்டலக் கரைவரை வந்து சேர்ந்த அந்தச் சாடிகளை வழி நெடுகக் காத்தவை கூரடியும் கொஞ்சம் வைக்கோலும்தான்.

புல்லாடை தரித்த புட்டி

பிற்காலத்தில் இத்தாலியின் டஸ்கனிப் பிரதேசத்துக்காரர்கள் இதே யோசனையை வேறொரு ரூபத்தில் செய்தார்கள். அவர்களுடைய 'ஃபியாஸ்கோ' புட்டியைப் படத்திலாவது பார்க்காதவர்கள் குறைவு. உருண்டை வயிறு, ஒல்லிக் கழுத்து, பாதி உடம்புக்குப் புல்லாலான சட்டை. கண்ணாடிக் குழம்பைக் குழாயில் எடுத்து ஊதினால் உருண்டையாகத்தான் வரும். தட்டையான அடி வேண்டுமென்றால் மேற்கொண்டு வேலை வைக்கும். ஆகவே தொழிலாளி உருண்டையாகவே விட்டுவிட்டான். நிற்கவைக்கும் பொறுப்பைப் புல் ஏற்றுக்கொண்டது.

சதுப்பு நிலத்தில் விளையும் ஒருவகைக் கோரையை வெயிலில் காயவைத்து, கந்தகப் புகை காட்டி வெளுத்து, புட்டியைச் சுற்றிப் பின்னுவார்கள். அடியில் ஒரு வளையம் வைத்து இறுக்கினால் புட்டி தரையில் நிற்கும். பக்கத்துப் புட்டியோடு மோதினாலும் புல்லோடு புல்தான் உராயும். அடுக்குவதிலும் ஆம்போராவின் தந்திரம்தான்: நிமிர்ந்து நிற்கும் புட்டிகளின் சந்துகளில் தலைகீழாக்கிய புட்டிகளின் கழுத்துகளைச் செருகிவிடலாம்.

இந்தப் பின்னல் வேலையைச் செய்தவர்கள் பெண்கள். எம்போலி வட்டாரக் கிராமங்களில் வீட்டு வாசலில் உட்கார்ந்து, புட்டிக்கு இவ்வளவு என்ற கணக்கில் கூலி வாங்கிப் பின்னினார்கள். இரண்டாவது உலகப் போருக்குப் பின் கூலி உயர்ந்தது. யந்திரத்தில் வார்த்த தட்டையடிப் புட்டி மலிவாக வந்தது. கியாந்தி ஒயின் மெல்ல மெல்லப் புல்லாடையைக் களைந்துவிட்டு பிரான்ஸின் போர்தோ பாணிப் புட்டிக்கு மாறியது. புல்லின் இடத்தைச் சில காலம் பிளாஸ்டிக் பிடித்தது. அதைப் பார்த்தவர்கள் மாறியதே நல்லது என்றுதான் நினைத்திருப்பார்கள். ஆயினும் கணக்குப் பார்த்தால் ஒன்று விளங்கும். புட்டியோடு கூடவே வந்துகொண்டிருந்த மெத்தை போய்விட்டது. அன்றுமுதல் காக்கிற வேலை பெட்டியின் தலையிலும் பையின் தலையிலும் விழுந்தது.

1871

பெட்டிக்கும் பைக்கும் ஒரே ஆண்டில் நல்ல காலம் பிறந்தது ஒரு வேடிக்கை. நெளி நெளியாக மடிப்பு வைத்த காகிதத்துக்கு 1856-லேயே இங்கிலாந்தில் இருவர் காப்புரிமை வாங்கியிருந்தார்கள். எதற்கு? கனவான்களின் உயரமான தொப்பிக்கு உள்ளே வைத்துத் தைக்க! 15 ஆண்டுகள் அது தலையில்தான் இருந்தது. 1871-ல் நியூயார்க்கைச் சேர்ந்த ஆல்பர்ட் ஜோன்ஸ் என்பவர் அதே மாதிரிக் காகிதத்தைப் புட்டிக்கும் விளக்குச் சிம்னிக்கும் சுற்றலாம் என்று காப்புரிமை பெற்றார். 1874-ல் ஆலிவர் லாங் அந்த நெளிவின்மேல் ஒரு தட்டைத் தாளை ஒட்டினார். நெளிவு நசுங்கி விரிந்துவிடாமல் நின்றது. இன்று உலகமெங்கும் சாமான் அடைத்து வருகிற அட்டைப் பெட்டியின் வம்சாவளி இதுதான்.

அதே 1871-ல் மார்கரெட் நைட் என்னும் பெண்மணி தட்டையடிக் காகிதப் பை செய்யும் யந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அதுவரை யந்திரம் செய்த காகிதப் பை தபால் உறை போலத்தான் இருக்கும், அடி கிடையாது. மாசசூஸெட்ஸில் ஒரு காகிதப் பைத் தொழிற்சாலையில் வேலை பார்த்த மார்கரெட், காகிதத்தை வெட்டி, மடித்து, சதுர அடி வைத்து ஒட்டும் யந்திரத்தை மரத்தில் மாதிரி செய்து காட்டினார். இரும்பில் செய்யக் கொடுத்த பட்டறையில் அதைப் பார்த்துவிட்ட சார்லஸ் அன்னான் என்பவர் முந்திக்கொண்டு தன் பெயரில் காப்புரிமை வாங்கிவிட்டார். மார்கரெட் விடவில்லை. வழக்காடினார். ஒரு பெண்ணுக்கு இத்தகைய யந்திர ஞானம் இருக்க முடியாது என்று எதிர்த்தரப்பு வாதித்ததாகச் சொல்வார்கள். அம்மையார் தம் வரைபடங்களையும் குறிப்புகளையும் சாட்சிகளையும் கொண்டுவந்து நிறுத்தி ஜெயித்தார். இன்று கடைக்காரர் பையை மேஜைமேல் நிறுத்தி இரண்டு கையாலும் சாமான் போடுகிறாரே, அந்த வசதி இந்த வழக்கில் தப்பிப் பிழைத்தது.

கயிறு போன வழி

பை நின்றது, தூக்குவது எப்படி? காகிதப் பையின் விளிம்பில் கைப்பிடியை ஒட்டினால் பாரம் முழுவதும் அந்த ஒட்டின்மேல் தொங்கும். அமெரிக்காவில் செயின்ட்பால் நகரத்தில் மளிகைக் கடை வைத்திருந்த வால்டர் டியூபனர் ஒன்றைக் கவனித்தார். வாங்க வருகிறவர்கள் கையில் எவ்வளவு தாங்குமோ அவ்வளவுதான் வாங்குகிறார்கள். 1912-ல் அவர் பைக்குள் ஒரு கயிற்றை ஓடவிட்டார். ஒரு பக்கம் கைப்பிடியாகத் தொடங்கிய கயிறு பக்கவாட்டில் இறங்கி, அடியைச் சுற்றி, மறுபக்கம் ஏறி மறு கைப்பிடியாயிற்று. பாரம் இப்போது காகிதத்தில் இல்லை, கயிற்றில் உட்கார்ந்திருக்கிறது. விலை 5 சென்ட். 75 பவுண்டு, அதாவது 34 கிலோ தாங்கும் என்று விற்றார். மளிகைக்காரர் பைக்காரர் ஆனார்.

புட்டிப் பை தைக்கிறவர்கள் மனத்தில் வைக்கவேண்டிய விஷயம் இது ஒன்றுதான் என்றுகூடச் சொல்லலாம். கைப்பிடி நாடாவைப் பையின் வாயோரத்தில் மட்டும் தைத்து விடுகிறவர்களே அதிகம். பார்வைக்குக் குறையில்லை. ஏழரைக் கிலோவைப் பத்துத் தடவை தூக்கினால் துணி அல்ல, தையல் துளைகளின் வரிசை கிழியும். நாடா அடிவரை போய்ச் சுற்றி வரவேண்டும். வாயோரத்தில் அதைப் பிடித்துவைக்கும் தையலைச் சதுரமாகப் போட்டு, நடுவே குறுக்காகப் பெருக்கல் குறியும் போட்டால் இழுப்பு பரவும்.

அளவுகளில் இருக்கிறது வித்தை

கண்ணாடிக்குப் பெரிய சத்துரு கண்ணாடியே. அழுத்தத்தைத் தாங்குவதில் கண்ணாடி கெட்டிக்காரன். இழுப்பைத் தாங்குவதில் சோப்ளாங்கி. மேற்பரப்பில் ஒரு மெல்லிய கீறல் விழுந்தால் போதும், இழுப்பு வரும்போது விரிசல் அங்கே தொடங்கிவிடும். ஆகவே புட்டியும் புட்டியும் உரசக்கூடாது. ஆறு அறைகள் வேண்டும். தடுப்பு புட்டியின் தோள்வரை உயர வேண்டும். அடியிலும் இடைவெளி விடாமல் தைக்கப்பட வேண்டும். மலிவான பைகளில் தடுப்பை இரு பக்கமும் இரண்டு தையலில் நிறுத்திவிடுவார்கள். நடக்கும்போது அது மேலே ஏறிக்கொள்ளும். கீழே புட்டிகளின் குதிகால்கள் ஒன்றோடொன்று முட்டிக் கச்சேரி வாசிக்கும்.

அறை எவ்வளவு அகலம்? போர்தோப் புட்டி ஏறத்தாழ 7½ சென்டிமீட்டர் விட்டம். பர்கண்டி வகை 8-க்கு மேல். ஷாம்பேன் 9-ஐ எட்டும். 9 சென்டிமீட்டருக்கு வைத்தால் எல்லாம் நுழையும், ஒல்லிப் புட்டி ஆடும். தடுப்பைக் கெட்டி அட்டையில் செய்யாமல் பஞ்சு வைத்த துணியில் செய்தால் இரண்டுக்கும் ஒத்துப்போகும்.

கைப்பிடியின் நீளம் யாரும் யோசிக்காத சங்கதி. நிற்கும் மனிதனின் தொங்கவிட்ட கை தரையிலிருந்து சுமார் 75 சென்டிமீட்டர். பையின் உயரம் 32 என்றால், கைப்பிடி 20 சென்டிமீட்டர் தொங்கும்போது தரைக்கும் பைக்கும் 23 மிச்சம். மாடிப்படி ஒன்று 17 சென்டிமீட்டர் உயரம் இருக்கும், பை தப்பிக்கும். அழகுக்காகக் கைப்பிடியை 30 ஆக்கினால் ஒவ்வொரு படியிலும் பை போய் இடிக்கும். தோளில் மாட்டுகிற ஆசை இருந்தால் தனி வார் வைப்பதே மேல். நாடாவின் அகலம் 3 அல்லது 4 சென்டிமீட்டர். மெல்லிய கயிறானால் தெருமுனை திரும்புவதற்குள் விரல் சிவந்துவிடும்.

சரி, கை நழுவியே விட்டது. கால் மீட்டர் உயரத்திலிருந்து விழும் புட்டி தரையைத் தொடும்போது மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. கல் தரைமேல் அந்த வேகம் ஒரு மில்லிமீட்டருக்குள் அடங்கினால், புட்டிமேல் விழும் அடி அதன் எடையைப்போல் 250 மடங்கு. ஒன்றேகால் கிலோவுக்கு 300 கிலோவுக்கு மேல்! அடியில் உள்ள மெத்தை ஒரு சென்டிமீட்டர் அமுங்கிக் கொடுத்தால் அது 25 மடங்காகக் குறையும்; 30 கிலோவை ஒயின் புட்டி பொறுத்துக்கொள்ளும். மெத்தை முழுவதும் அமுங்கிவிடாது, பாதிதான் அமுங்கும். ஆகவே இரண்டு சென்டிமீட்டர் நுரை ரப்பர் போடவேண்டும். அதன்மேல் ஒரு கெட்டிப் பலகை வைத்தால்தான் பாரம் பரவும். இல்லாவிட்டால் ஒவ்வொரு புட்டியும் தனக்கென்று ஒரு குழி தோண்டிக்கொள்ளும்.

குளிர்பெட்டியிலிருந்து எடுத்த புட்டி வியர்க்கும் என்பதையும் மறக்கலாகாது. நனைந்த காகிதம் பலத்தின் பெரும்பகுதியை இழந்துவிடும். காகிதப் பை அடிவிடுவது பெரும்பாலும் இப்படித்தான். பிரான்ஸில் 2016 ஜூலை 1 முதல் கடைகளில் ஒருதரம் எறிகிற மெல்லிய பிளாஸ்டிக் பை கொடுப்பது தடுக்கப்பட்டுவிட்டதால், வாடிக்கைக்காரர்கள் கழுவிக் காயவைக்கக்கூடிய துணிப் பையைக் கொண்டுவருகிறார்கள். தைக்கிறவர்கள் அடிப்பலகையையும் நுரையையும் தனியே உருவி எடுக்கும்படி வைத்தால் வீட்டுப் பெண்கள் வாழ்த்துவார்கள்.

பாதிப் பை வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இரண்டு புட்டிகள்தான் என்றால் நடு அறைகளில் வையுங்கள். ஓரத்தில் வைத்தால் பை சாயும். சாய்ந்த பையில் கழுத்துதான் முதலில் அடிபடும்.

பை தைத்தாயிற்று என்றால் கடைக்கு எடுத்துப்போகு முன் சோதித்துப் பார்க்க வேண்டும். ஆறு காலிப் புட்டிகளில் தண்ணீர் நிரப்பி, மூடி, பையை ஓர் இரவு ஆணியில் தொங்கவிடலாம். காலையில் தையல் எங்கே விட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டு, கோணியில் போட்டுக் கட்டி, கணுக்கால் உயரத்திலிருந்தும் முழங்கால் உயரத்திலிருந்தும் தரையில் விடலாம். தண்ணீருக்கும் ஒயினுக்கும் கனத்தில் வித்தியாசம் அநேகமாக இல்லை. ஆகவே சோதனைக்கு ஒரு சொட்டு மதுவும் வேண்டியதில்லை.